வாசகர் கேள்வி – பதில்: வானிலிருந்து விழுந்த முதல் குண்டுகள்

வான்வழிக் குண்டுவீச்சின் தொடக்கத்தைப் பற்றி வாசகர்கள் பலர் கேட்டிருந்த கேள்விகளைத் தொகுத்து, இந்த இதழின் பக்கங்கள் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். ஒரே பொருளில் வந்த கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி: விமானத்திலிருந்து உலகிலேயே முதன்முதலாகக் குண்டு வீசியவர் யார்? எந்தப் போரில்? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: ஜூலியோ கவோட்டி என்னும் இத்தாலிய இளம் அதிகாரி. நாள், 1911 நவம்பர் 1. இடம், இன்றைய லிபியாவின் தலைநகரான திரிப்போலியை அடுத்த பாலைவனச் சோலைகள்.

லிபியா அப்போது துருக்கியரின் உதுமானியப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. வட ஆப்பிரிக்காவில் தனக்கும் ஒரு குடியேற்ற நாடு வேண்டும் என்ற ஆசையில் இத்தாலி 1911 செப்டம்பர் 29 அன்று உதுமானியர்மீது போர் அறிவித்து, கடற்கரை நகரங்களில் படையை இறக்கியது. அந்தப் படையுடன் ஒரு சில விமானங்களும் கப்பலில் வந்து சேர்ந்தன. எதிரி எங்கே கூடாரம் அடித்திருக்கிறான், எந்தப் பக்கம் நகர்கிறான் என்று மேலிருந்து பார்த்துச் சொல்வதுதான் அவற்றுக்கு இடப்பட்ட வேலை. அக்டோபர் 23 அன்று கேப்டன் கார்லோ பியாத்சா தம் பிளெரியோ விமானத்தில் பறந்து எதிரி முகாம்களைப் பார்த்துத் திரும்பியதே, போரில் விமானம் ஈடுபடுத்தப்பட்ட முதல் நிகழ்ச்சியாகக் கருதப்படுகிறது. அதிலிருந்து பத்தே நாளில் வேவு பார்க்கப் போன இயந்திரம் தாக்கும் இயந்திரமாக மாறிவிட்டது.

கவோட்டி தம் தந்தைக்கு எழுதிய கடிதம் இருப்பதால் அன்று நடந்ததை நாம் அருகிலிருந்து பார்ப்பதுபோலத் தெரிந்துகொள்ள முடிகிறது. அவர் ஓட்டியது, பறவையின் விரித்த சிறகுகளைப் போன்ற இறக்கைகள் கொண்ட எட்ரிக் டௌபே என்னும் விமானம். அதில் குண்டு தாங்கும் கொக்கியோ, குறி பார்க்கும் கருவியோ எதுவும் கிடையாது. ஒன்றரை முதல் இரண்டு கிலோ எடையுள்ள நான்கு கையெறி குண்டுகளை அவர் எடுத்துக்கொண்டார். மூன்றை மெத்தை வைத்த தோல் பெட்டி ஒன்றில் அடுக்கினார்; நான்காவதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வெடிக்கத் தூண்டும் டெட்டனேட்டர்கள் தனியாக இருந்தன. சோலையின் கருநிழல் கண்ணில் பட்டதும், ஒரு கையால் விமானத்தின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் குண்டை எடுத்து மடியில் வைத்துத் தயார்செய்து, இறக்கையில் பட்டுவிடாதபடி வெளியே வீசினார். சில விநாடிகள் அது விழுவது தெரிந்தது, பிறகு மறைந்தது. சற்று நேரத்தில் முகாமின் நடுவே சிறியதொரு கரும்புகை எழுந்தது என்று அவர் எழுதுகிறார். அன்று தாஜுரா, ஐன் ஸாரா என்ற இரு இடங்களின்மீது அவருடைய குண்டுகள் விழுந்தன.

சேதம் மிகச் சிறியது. ஆயினும் இத்தாலியப் பத்திரிகைகள் அதைப் பெரும் வெற்றியாகக் கொண்டாடின. உதுமானியர் தரப்போ, மருத்துவமனை தாக்கப்பட்டதாகக் குற்றஞ்சாட்டியது. நான் இதை முக்கியமாகக் கருதுகிறேன். வானிலிருந்து விழுந்த குண்டு எதைத் தாக்கியது என்ற தகராறு, அந்த ஆயுதம் பயன்பாட்டுக்கு வந்த முதல் வாரங்களிலேயே எழுந்துவிட்டது. வீசியவர் ‘முகாம்’ என்கிறார், கீழே இருந்தவர் ‘மருத்துவமனை’ என்கிறார். உயரத்திலிருந்து பார்த்தவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரிந்திருக்கும்.

கேள்வி: விமானம் கண்டுபிடிப்பதற்கு முன்பே பலூனில் குண்டு கட்டி அனுப்பினார்கள் என்று படித்தேன். உண்மையா? (மாணவி, நாகர்கோவில்)

பதில்: உண்மை. 1849ஆம் ஆண்டின் கோடையில், வெனிஸ் நகரத்தின்மீது அது நடந்தது. ஆஸ்திரியப் பேரரசின் ஆட்சியை உதறித் தனிக் குடியரசாக அறிவித்துக்கொண்ட வெனிஸை ஆஸ்திரியப் படை முற்றுகையிட்டிருந்தது. நகரத்தைச் சுற்றிலும் காயல் நீர் பரந்து கிடந்ததால் பீரங்கிகளை வேண்டிய அளவுக்கு நெருக்கத்தில் கொண்டுபோய் நிறுத்த முடியவில்லை. அந்த நிலையில் ஃபிரான்ஸ் ஊகாட்டியஸ் என்ற பீரங்கிப் படை அதிகாரி, வெப்பக் காற்றால் எழும்பும் ஆளில்லாத பலூன்களில் குண்டுகளைத் தொங்கவிட்டு அனுப்பலாம் என்று யோசனை சொன்னார். ஒவ்வொரு குண்டையும் பலூனோடு இணைத்த பிடிப்பில் மெதுவாக எரியும் திரி ஒன்று இருந்தது. குறித்த நேரத்தில் திரி எரிந்து முடிந்ததும் குண்டு கழன்று விழும். காற்று எந்தத் திசையில், எவ்வளவு வேகத்தில் வீசுகிறது என்று முன்கூட்டிக் கணித்து, அதற்கேற்பத் திரியின் நீளத்தை வெட்டினார்கள். வுல்கானோ என்ற போர்க்கப்பலிலிருந்தும் பலூன்கள் ஏவப்பட்டன.

கணக்கு காகிதத்தில் சரியாக இருந்தது. ஆனால் காயலின்மீது வீசும் காற்று உயரத்துக்கு உயரம் திசை மாறும். பலூன்கள் பல நகரத்தைத் தாண்டிப் போயின. சில ஆஸ்திரியர்களின் பக்கமே திரும்பின. குண்டுகளில் மிகச் சிலவே நகரத்தை எட்டின. 1849 ஆகஸ்ட் 22 அன்று வெனிஸ் பணிந்தது. ஆனால் அந்த நகரத்தைப் பணியவைத்தவை பசியும் காலராவும் பீரங்கிகளுமே. பலூன்களுக்கு அதில் பங்கில்லை.

எண்ணம் இதைவிடப் பழையது. 1670இல் பிரான்செஸ்கோ லானா என்ற இத்தாலிய இயேசு சபைப் பாதிரியார், காற்று நீக்கப்பட்ட நான்கு செம்புக் கோளங்களால் தூக்கப்படும் பறக்கும் படகு ஒன்றைப் பற்றி எழுதினார். அப்படிப்பட்ட கோளங்கள் வெளிக்காற்றின் அழுத்தத்தில் நசுங்கிவிடும் என்பதால் அந்தப் படகு பறந்திருக்க வழியில்லை. ஆனால் அவர் அதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. அத்தகைய கலம் ஒன்று உண்டானால், மேலிருந்து இரும்புத் துண்டுகளையும் தீக்குண்டுகளையும் கப்பல்கள்மீதும் வீடுகள்மீதும் கோட்டைகள்மீதும் எறிய முடியும், எந்த நகரமும் பாதுகாப்பாக இருக்காது, ஆகவே கடவுள் இதை அனுமதிக்கமாட்டார் என்று எழுதினார். மனிதன் முதன்முதலாகப் பலூனில் எழும்பியது 1783இல்தான். அதற்கு நூறாண்டுகளுக்கும் முன்பாகவே ஒருவர் பறத்தலைக் கற்பனைசெய்து, அதே மூச்சில் குண்டுவீச்சையும் கண்டு அஞ்சியிருக்கிறார்.

கேள்வி: குறி பார்க்கும் கருவி எதுவும் இல்லாமல் எப்படிச் சரியாகக் குண்டு போட்டார்கள்? (வாசகர், கோவில்பட்டி)

பதில்: சரியாகப் போடவில்லை என்பதுதான் நேரான விடை.

ஓடும் பேருந்தின் ஜன்னலிலிருந்து நழுவவிட்ட பொருள், விட்ட இடத்துக்கு நேர் கீழே விழாமல் பேருந்து போகும் திசையிலேயே சற்றுத் தள்ளி விழுவதைப் பார்த்திருப்பீர்கள். விமானத்துக்கும் அதே விதிதான். 200 மீட்டர் உயரத்திலிருந்து கைவிடப்பட்ட பொருள் தரையை அடைய ஏறத்தாழ 6 விநாடிகளுக்குச் சற்று அதிகமாகும். விமானம் மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் போனால், அந்த நேரத்துக்குள் குண்டு 160 மீட்டர் முன்னே போய்விடும். ஆகவே இலக்கு கண்ணுக்கு இன்னும் தொலைவில் இருக்கும்போதே கையைவிட வேண்டும். காற்று எதிரே வீசுகிறதா, பக்கவாட்டில் வீசுகிறதா, விமானம் தரையைப் பொறுத்து உண்மையில் எவ்வளவு வேகத்தில் நகர்கிறது, உயரம் எவ்வளவு என்ற எல்லாவற்றையும் விமானி மனக்கணக்காகவே போட வேண்டியிருந்தது. இவற்றில் எது பிசகினாலும் குண்டு ஒரு தெரு தள்ளி விழும். அந்தத் தெருவில் யார் இருக்கிறார்கள் என்பதில் வீசியவருக்கு எந்தக் கட்டுப்பாடும் இல்லை.

இதைத் தீர்க்கும் முயற்சிகள் போருக்கு வெளியேயும் நடந்தன. அமெரிக்காவில் 1910இல் கிளென் கர்டிஸ் ஓர் ஏரியின்மீது பறந்து, மிதவைகளால் குறித்த கப்பல் வடிவத்தின்மேல் போலிக் குண்டுகளைப் போட்டுக் காட்டினார். ரைலி ஸ்காட் என்ற முன்னாள் படை அதிகாரி உயரத்தையும் வேகத்தையும் வைத்துக் கணக்கிடும் குறிபார்ப்புக் கருவி ஒன்றைச் செய்து, 1912இல் பிரான்ஸில் மிஷலின் நிறுவனம் நடத்திய குண்டு எறியும் போட்டியில் பரிசு பெற்றார். குண்டு எறிவது அந்தக் காலத்தில் பரிசு வைத்து நடத்தும் விளையாட்டாகவும் இருந்திருக்கிறது.

குண்டின் வடிவத்தைத் திருத்தியவர்கள் பல்கேரியர்கள். 1912 அக்டோபரில் முதல் பால்கன் போர் தொடங்கியது. அந்த மாதமே ராதுல் மில்கோவ் விமானியாகவும், புரோடான் தராக்சியேவ் நோக்கராகவும் அல்பட்ராஸ் விமானம் ஒன்றில் பறந்து, உதுமானியர் வசம் இருந்த எடிர்னே நகரின் கராகாச் ரயில் நிலையத்தின்மீது குண்டுகள் போட்டார்கள். சிமியோன் பெத்ரோவ் என்ற அதிகாரி வடிவமைத்த பல்கேரியக் குண்டுகளில், தலைகீழாகப் புரளாமல் மூக்கு முன்னே வரும்படி வாலில் தகட்டுத் துடுப்புகளும், தரையில் மோதியதும் வெடிக்கும் அமைப்பும் இருந்தன. கையெறி குண்டை மடியில் வைத்து எறிந்த நிலைக்கும் வானிலிருந்து போடுவதற்கென்றே செய்த குண்டுக்கும் இடையில் ஓராண்டுகூட ஆகவில்லை.

கேள்வி: இதையெல்லாம் தடுக்க அந்தக் காலத்தில் சட்டம் எதுவும் இல்லையா? (வழக்கறிஞர், மதுரை)

பதில்: இருந்தது. ஆயுதம் வருவதற்கு முன்பே சட்டம் வந்திருந்தது என்பதுதான் இந்த வரலாற்றில் என்னை மிகவும் வருந்தவைக்கும் பகுதி.

ரஷ்யப் பேரரசர் இரண்டாம் நிக்கோலஸின் அழைப்பின்பேரில் 1899இல் ஹேக் நகரில் முதல் அமைதி மாநாடு கூடியது. ரைட் சகோதரர்கள் பறந்தது 1903 டிசம்பரில். ஆகவே மாநாட்டில் இருந்தவர்கள் எவரும் விமானம் என்ற ஒன்றைப் பார்த்ததில்லை. இருந்தபோதிலும், பலூன்களிலிருந்தும் அவற்றை ஒத்த புதிய முறைகளாலும் எறிபொருள்களையும் வெடிபொருள்களையும் போடுவதைத் தடைசெய்யும் பிரகடனம் ஒன்றை 1899 ஜூலை 29 அன்று நிறைவேற்றினார்கள். முதலில் நிரந்தரத் தடை என்றே பேச்சு இருந்தது. அமெரிக்கப் பிரதிநிதி கேப்டன் வில்லியம் குரோசியர், இன்றைய பலூன்கள் குறி தவறுபவை என்பதால் தடைசெய்யலாம், ஆனால் நாளை இவை துல்லியமடைந்து போரை விரைவில் முடிக்க உதவக்கூடும், எனவே கதவை முற்றாக மூட வேண்டாம் என்று வாதிட்டார். அதன்படி தடைக்கு ஐந்தாண்டுக் காலவரையறை விதிக்கப்பட்டது.

‘துல்லியமடைந்தால் போர் குறுகும், அதனால் உயிர்ச்சேதம் குறையும்’ என்ற இந்த வாதத்தை அதன் பிறகு ஒவ்வொரு தலைமுறையும் புதிதாகக் கண்டுபிடித்ததுபோலப் பேசிவந்திருக்கிறது. அதன் பிறப்பிடம் 1899ஆம் ஆண்டின் அந்த மாநாட்டு அறை.

1907இல் இரண்டாம் மாநாடு கூடியபோது விமானம் வந்துவிட்டது. ஹைட்ரஜன் வாயுவால் மிதக்கும் ஜெர்மனியின் ஜெப்பெலின் வான்கப்பல்களும் பறந்துகொண்டிருந்தன. தடையை மூன்றாம் மாநாடு முடியும்வரை நீட்டிக்கும் பிரகடனம் முன்வைக்கப்பட்டது. பிரிட்டனும் அமெரிக்காவும் ஒப்புக்கொண்டன. ஜெர்மனி, பிரான்ஸ், ரஷ்யா, ஜப்பான், இத்தாலி ஆகியவை கையொப்பமிடவில்லை. யாரிடம் அந்த ஆயுதம் வளர்ந்துகொண்டிருந்ததோ அவர்களே பெரும்பாலும் விலகி நின்றார்கள். மூன்றாம் மாநாடு முதல் உலகப் போரால் கூடவே இல்லை. 1907க்கு நான்கு ஆண்டுகள் கழித்துக் கவோட்டி திரிப்போலியிலிருந்து கிளம்பியபோது அவருடைய நாட்டை அந்தத் தடை கட்டுப்படுத்தவில்லை.

1907இன் தரைப்போர் விதிகளில் ஒரு சொற்றொடர் மட்டும் மிஞ்சியது. பாதுகாப்பற்ற ஊர்களையும் குடியிருப்புகளையும் ‘எந்த வழியிலும்’ தாக்கக் கூடாது என்று 25ஆம் விதி சொன்னது. ‘எந்த வழியிலும்’ என்பது வானத்தையும் மனத்தில் வைத்துச் சேர்க்கப்பட்டது. ஆனால் ‘பாதுகாப்பற்ற ஊர்’ எது? வழக்கறிஞரான உங்களுக்கு இந்த ஓட்டை உடனே புலப்படும். நகரத்தின் ஓரத்தில் இரண்டு பீரங்கிகள் இருந்தாலும் அது ‘பாதுகாக்கப்பட்ட ஊர்’ என்று வாதிடலாம். பின்னாளில் லண்டனைப் பற்றி ஜெர்மனி அப்படித்தான் வாதிட்டது.

கேள்வி: 1914இல் சென்னையில் எம்டன் குண்டு போட்டது விமானத்திலிருந்தா? (வாசகர், இராயபுரம்)

பதில்: இல்லை. எம்டன் ஒரு ஜெர்மானியப் போர்க்கப்பல். 1914 செப்டம்பர் 22 இரவில் கடலிலிருந்து பீரங்கியால் சுட்டு, துறைமுகத்தை ஒட்டியிருந்த பர்மா ஆயில் நிறுவனத்தின் எண்ணெய்த் தொட்டிகளை எரித்தது. சென்னையில் வானிலிருந்து குண்டு விழுந்தது 1943 அக்டோபரில், ஜப்பானிய விமானம் ஒன்றிலிருந்து. இலங்கையில் அதற்கு முன்பே, 1942 ஏப்ரல் 5 அன்று கொழும்பையும் 9 அன்று திருகோணமலையையும் ஜப்பானிய விமானங்கள் தாக்கின.

கேள்வி: பொதுமக்கள் வாழும் நகரங்களைக் குறிவைப்பது எப்போது தொடங்கியது? (ஆசிரியை, தஞ்சாவூர்)

பதில்: முதல் உலகப் போர் தொடங்கிய சில நாள்களிலேயே. 1914 ஆகஸ்ட் 6 அன்று ஜெர்மனியின் ஜெப்பெலின் வான்கப்பல் ஒன்று பெல்ஜியத்தின் லியெஜ் நகரத்தின்மீது குண்டுகள் போட்டதில் பொதுமக்கள் 9 பேர் இறந்தார்கள். ஆகஸ்ட் 30 அன்று ஒற்றை டௌபே விமானம் பாரிஸ்மீது பறந்து சில சிறு குண்டுகளைப் போட்டது. நேச நாடுகளும் சும்மா இருக்கவில்லை. ஆயினும் அந்த ஆண்டில் பிரிட்டிஷ் விமானிகள் பெரும்பாலும் டசல்டார்ஃபிலும் ஃபிரீட்ரிக்ஸ்ஹாஃபெனிலும் இருந்த வான்கப்பல் கொட்டகைகளையே குறிவைத்தார்கள்.

1915 ஜனவரி 19 இரவில் இரண்டு ஜெப்பெலின்கள் இங்கிலாந்தின் கிழக்குக் கரையைக் கடந்தன. அவை போக நினைத்தது ஹம்பர் ஆற்று முகத்துவாரம். காற்று தெற்கே தள்ளிவிட்டதால் கிரேட் யார்மவுத், கிங்ஸ் லின் என்ற ஊர்களின்மீது குண்டுகளைக் கொட்டின. 4 பேர் இறந்தார்கள். வெனிஸ் காயலில் பலூன்களை அலைக்கழித்த அதே காற்று, இங்கே யார் சாக வேண்டும் என்பதைத் தீர்மானித்தது. லண்டனைத் தாக்க ஜெர்மானியப் பேரரசர் முதலில் தயங்கினார். பிறகு துறைமுகப் பகுதி மட்டும் என்றும், பிறகு அதையும் தாண்டியும் அனுமதி விரிந்தது. 1915 மே 31 இரவில் லண்டன்மீது முதல் குண்டுகள் விழுந்தன.

ஹைட்ரஜன் நிரப்பிய வான்கப்பல்களைத் தீப்பிடிக்க வைக்கும் தோட்டாக்கள் 1916இல் வந்ததும் ஜெர்மனி கோத்தா என்ற இரட்டை எஞ்சின் விமானங்களுக்கு மாறியது. நீங்கள் ஆசிரியை என்பதால் ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1917 ஜூன் 13 அன்று பட்டப்பகலில் கோத்தாக்கள் லண்டன்மீது வந்தன. பாப்ளர் என்ற தொழிலாளர் பகுதியில் அப்பர் நார்த் தெருப் பள்ளியின் கூரையைத் துளைத்த குண்டு ஒன்று, மேல் தளங்களைக் கடந்து, தரைத்தளத்தில் மழலையர் வகுப்பறையில் வெடித்தது. 18 பிள்ளைகள் இறந்தார்கள். பெரும்பாலோர் ஐந்து வயதை ஒட்டியவர்கள். அன்றைய தாக்குதலில் இறந்தவர்கள் மொத்தம் 162 பேர். பாப்ளர் பூங்காவில் அந்தப் பிள்ளைகளுக்கான நினைவுச்சின்னம் இன்றும் நிற்கிறது.

லண்டனில் எழுந்த கோபத்தை அடுத்து, தென்னாப்பிரிக்கத் தளபதி யான் ஸ்மட்ஸிடம் பிரிட்டிஷ் அரசு அறிக்கை கேட்டது. பகைவர் நாட்டின் தொழில் நகரங்களையும் மக்கள் செறிந்த இடங்களையும் வானிலிருந்து பெருமளவில் அழிப்பதே போரின் முதன்மை வேலையாகும் காலம் தொலைவில் இல்லை என்று அவர் எழுதினார். அதன் விளைவாக 1918 ஏப்ரல் 1 அன்று பிரிட்டனின் தனி விமானப்படை உருவானது. குழந்தைகள் இறந்ததற்கு அரசு கண்ட விடை, அதே வேலையை எதிரியின் நகரங்களில் இன்னும் பெரிதாகச் செய்வது என்பதாக இருந்தது.

கேள்வி: பிரிட்டிஷ் ஆட்சியில் இந்தியாவில் பொதுமக்கள்மீது விமானத்திலிருந்து குண்டு போடப்பட்டதா? (வாசகர், ஈரோடு)

பதில்: போடப்பட்டது. ஜாலியன்வாலா பாக் படுகொலைக்கு மறுநாள், 1919 ஏப்ரல் 14 அன்று, இன்று பாகிஸ்தானில் உள்ள குஜ்ரன்வாலா நகரில் அது நடந்தது. நகரில் கூட்டம் திரண்டு ரயில் நிலையத்துக்கும் அரசுக் கட்டடங்களுக்கும் தீ வைத்தபோது, லாகூரிலிருந்து விமானங்கள் அனுப்பப்பட்டன. அவை குண்டுகளைப் போட்டன. இயந்திரத் துப்பாக்கியாலும் சுட்டன. கால்சா உயர்நிலைப் பள்ளியையும் அதன் விடுதியையும் ஒட்டிய வயலில் இருந்த கூட்டத்தின்மீதும் குண்டு போட்டதாக, விமானியான கார்பெரி பின்னர் ஹண்டர் விசாரணைக் குழுவின் முன் சாட்சியம் அளித்தார். ஜாலியன்வாலா பாக் நம் பாடநூல்களில் இருக்கிறது. குஜ்ரன்வாலாவைப் பற்றிப் பேசுவோர் குறைவு. அதுவும் இருக்க வேண்டும் என்று கருதுகிறேன்.

அடுத்த மாதமே மூன்றாம் ஆங்கிலேய-ஆப்கானியப் போர் மூண்டது. பெர்லினைத் தாக்குவதற்கென்று கட்டப்பட்டு, அதற்குள் போர் முடிந்துவிட்டதால் வேலையில்லாமல் இருந்த ஹேண்ட்லி பேஜ் நான்கு எஞ்சின் விமானம் ஒன்று இந்தியாவில் இருந்தது. மே 24 அன்று அது மலைகளைத் தாண்டிப் பறந்து காபூலில் அமீர் அமானுல்லாவின் அரண்மனைப் பகுதியில் குண்டுகள் போட்டது. ஐரோப்பிய நகரம் ஒன்றுக்காகச் செய்த ஆயுதம் ஆசிய நகரத்தின்மீது பயன்பட்டது. அமானுல்லா பிரிட்டிஷ் அரசப் பிரதிநிதிக்கு எழுதிய கடிதத்தில், லண்டன்மீது ஜெப்பெலின்கள் குண்டு போட்டதைக் காட்டுமிராண்டிச் செயல் என்று கண்டித்தவர்கள், இப்போது அதையே இங்கே செய்கிறார்கள் என்று சுட்டிக்காட்டினார். அதற்குப் பிறகு 1920களில் ஈராக்கிலும், வடமேற்கு எல்லையின் வசீரிஸ்தானிலும், தரைப்படையைவிடச் செலவு குறைவு என்ற காரணத்துக்காகவே கிராமங்கள்மீது விமானக் குண்டுவீச்சு ஆட்சிமுறையாக ஆக்கப்பட்டது.

கேள்வி: ஹேக் பிரகடனத்துக்குப் பிறகு சட்டம் முன்னேறியதா? (அதே மதுரை வழக்கறிஞர்)

பதில்: 1923இல் ஹேக்கில் சட்ட வல்லுநர்கள் கூடி வான்போர் விதிகளை வரைந்தார்கள். பொதுமக்களை அச்சுறுத்துவதற்காகக் குண்டு போடுவதை அந்த வரைவு தெளிவாகத் தடைசெய்தது. ஆனால் எந்த அரசும் அதை ஒப்பந்தமாக ஏற்கவில்லை. பொதுமக்களைக் குறிவைப்பதையும், பாகுபாடின்றித் தாக்குவதையும் ஒப்பந்த வடிவில் தடைசெய்தது போர் விதிகளைக் கூறும் ஜெனீவா ஒப்பந்தங்களோடு 1977இல் சேர்க்கப்பட்ட முதலாம் கூடுதல் நெறிமுறை. பெரும்பாலான நாடுகள் அதில் சேர்ந்துள்ளன. அமெரிக்கா கையொப்பமிட்டும் உறுதிப்படுத்தவில்லை. இந்தியாவும் இலங்கையும் அதில் சேரவில்லை.